நனைந்த பிறகு முக்காடு எதற்கு?

காலையிலிருந்து வாயைக் கட்டி, மாலையில் ஒரே ஒரு பிஸ்கட்டில் சறுக்கி, இரவுக்குள் பாக்கெட்டையே காலி செய்தவரைக் கேட்டுப் பாருங்கள். "எனக்கு மனஉறுதி கிடையாது" என்பார். 1975இல் வெளியான ஓர் ஆய்வு இதை வேறு மாதிரி பார்க்க வைத்தது.

ஹெர்மன், மேக் என்ற இரண்டு உளவியலாளர்கள் மாணவிகளை ஐஸ்கிரீம் ருசி பார்க்க அழைத்தார்கள். எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம். ஆனால் அதற்கு முன்பு சிலருக்கு ஒரு மில்க்‌ஷேக், சிலருக்கு இரண்டு, மீதிப்பேருக்கு ஒன்றும் இல்லை. எடையைப் பற்றி அலட்டிக்கொள்ளாதவர்கள் மில்க்‌ஷேக் குடித்திருந்தால் ஐஸ்கிரீமைக் குறைத்துக்கொண்டார்கள். வயிறு நிறைந்துவிட்டது, அவ்வளவுதான். எப்போதும் டயட்டில் இருப்பவர்கள் விஷயத்தில் தலைகீழ்: மில்க்‌ஷேக் குடித்தவர்கள், குடிக்காதவர்களைவிட அதிக ஐஸ்கிரீம் சாப்பிட்டார்கள்.

முழுக்க நனைந்தபின் முக்காடு எதற்கு என்பார்களே, அதுதான் நடந்திருக்கிறது. 'இன்று இனிப்பே கிடையாது' என்ற விதி கண்ணாடி மாதிரி. ஒன்று முழுதாக இருக்கும், இல்லாவிட்டால் உடையும். உடைந்தபின் அன்றைக்குக் காப்பாற்ற ஒன்றும் மிச்சமில்லை, நாளையிலிருந்து பார்த்துக்கொள்ளலாம். போதும் என்று சொல்ல உடலுக்குத் தெரியும்: விரிந்த இரைப்பையிலிருந்து நரம்புச் செய்தி போகிறது, குடல் ஹார்மோன்களைச் சுரக்கிறது. ஆனால் மாதக்கணக்காக அந்தக் குரலைக் கேட்காமல் விதியை மட்டுமே கேட்டுப் பழகியவருக்கு, விதி போனதும் பிரேக்கும் சேர்ந்தே போய்விடுகிறது.

இதில் எனக்குப் பிடித்த பகுதி அடுத்த ஆண்டு வந்தது. ஜேனட் பொலிவி இதேபோன்ற சோதனையை புட்டிங்கை வைத்துச் செய்தார். டயட்காரர்கள் அதிகம் சாப்பிட்டது, தாங்கள் முதலில் தின்றதில் கலோரி அதிகம் என்று நம்பியபோது. உண்மையில் எத்தனை கலோரி இருந்தது என்பது பெரிய விஷயமாக இல்லை. ஆக, கதவைத் திறந்துவிட்டது சர்க்கரை இல்லை, 'தப்பு செய்துவிட்டேன்' என்ற நினைப்பு.

அப்படியானால் அந்த நினைப்பைத் தணித்தால்? 2007இல் ஆடம்ஸ், லியரி இருவரும் பெண்களுக்கு முதலில் ஒரு டோனட் கொடுத்தார்கள். சிலரிடம் மட்டும், 'எல்லோரும்தான் இதைச் சாப்பிடுகிறோம், உங்களை நீங்களே நொந்துகொள்ள வேண்டாம்' என்கிற மாதிரி இரண்டு வார்த்தை சொன்னார்கள். பிறகு மிட்டாய்க் கிண்ணங்கள் வந்தன. டயட் பழக்கமுள்ளவர்களில், அந்த ஆறுதலைக் கேட்டவர்கள் குறைவாகச் சாப்பிட்டார்கள். கண்டிப்பு தளர்ந்தால் ஆட்டம் போடுவோம் என்பதுதான் நம் பயம். இங்கே நடந்தது நேர்மாறு.

குற்ற உணர்வு ஒரு பக்கம் என்றால், பசியின் வேலை இன்னொரு பக்கம். இரண்டாம் உலகப்போர் முடியும் காலத்தில் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ், ஆரோக்கியமான 36 இளைஞர்களை 24 வாரம் ஏறக்குறையப் பாதி உணவில் வைத்தார். அவர்கள் எடையில் சுமார் கால் பங்கு குறைந்தது. அதைவிட விசித்திரம், அவர்கள் மனதில் வேறெதற்கும் இடமில்லாமல் போனது: சமையல் புத்தகம் சேர்த்தார்கள், சாப்பாட்டைக் கனவு கண்டார்கள், தட்டை நக்கினார்கள். சோதனை முடிந்தபின் சிலருக்கு எவ்வளவு உண்டும் அடங்கவில்லை. சோதனைக்கு முன்பு இவர்கள் யாரும் சாப்பாட்டுப் பைத்தியங்கள் இல்லை.

இதற்காக எந்த வரம்பும் வேண்டாம் என்றாகிவிடாது. 1991இல் வெஸ்டன்ஹூஃபர் என்ற ஆய்வாளர், கட்டுப்பாட்டை விறைப்பானது, வளைந்துகொடுப்பது என இரண்டாகப் பிரித்தார். மதியம் கூடிப்போனால் இரவில் கொஞ்சம் குறைத்துக்கொள்வது இரண்டாம் வகை. இப்படிப்பட்டவர்களிடம் கட்டு மீறிச் சாப்பிடுவது குறைவாகவே காணப்பட்டது. எது காரணம், எது விளைவு என்பதை அதை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. ஆனால் மில்க்‌ஷேக் சோதனையோடு அது நன்றாகவே பொருந்துகிறது. (சாப்பிட்டதை வாந்தியெடுத்து வெளியேற்றும் அளவுக்குப் போனால், இந்தக் கட்டுரை போதாது, மருத்துவரைப் பார்க்க வேண்டும்.)

சரி, உடற்பயிற்சி? அதைத்தான் நாம் அபராதமாக ஆக்கிவைத்திருக்கிறோம். நானும் தின்ற கேக்கை ட்ரெட்மில் திரையில் கழித்துப் பார்த்தவன்தான். அந்த எண் வெறும் மதிப்பீடு. சும்மா உட்கார்ந்திருந்தாலும் செலவாகியிருக்கும் கலோரியும் பெரும்பாலும் அதிலேயே அடங்கிவிடும். போதாததற்கு, உடலும் வேறு இடத்தில் சிக்கனம் பிடிக்கிறது. தான்சானியாவின் ஹட்ஸா வேட்டைக்குடியினர் நாளெல்லாம் நடப்பவர்கள். உடல் அளவைக் கணக்கில் எடுத்துப் பார்த்தபோது அவர்களின் அன்றாட மொத்த ஆற்றல் செலவு, அலுவலக நாற்காலியில் வாழும் மேலைநாட்டவரின் செலவை ஒட்டியே இருந்தது என்று ஹெர்மன் பான்ட்சர் என்ற மானுடவியலாளரின் குழு 2012இல் கண்டது.

அபராதம் கட்டப் போகிறவருக்கு இது ஏமாற்றம்தான். ஆனால் ஒரு வேகநடை முடிந்தபின் தசைகள் இரத்தச் சர்க்கரையை இன்னும் எளிதாக இழுத்துக்கொள்கின்றன. இந்த விளைவு ஒரு நாளுக்கு மேலும் நீடிக்கலாம். இரத்த அழுத்தம் சில மணி நேரம் இறங்கியிருக்கும், அன்றிரவு தூக்கமும் நன்றாக வரலாம். எடைமெஷினில் முள் அசையாத வாரத்திலும் இவை நடக்கின்றன.