அரை மீட்டர் மேடும் ஒரு ஆர்க்டிக் ஆறும்

அலாஸ்காவின் சாகவனிர்க்டாக் ஆறு புரூக்ஸ் மலைத்தொடரில் பிறந்து வடக்கே ஆர்க்டிக் பெருங்கடலில் கலக்கிறது. அதே பள்ளத்தாக்கில்தான் டால்டன் நெடுஞ்சாலையும், 1977-இல் எண்ணெய் ஓடத் தொடங்கிய 1,287 கி.மீ. நீளக் குழாயும் போகின்றன. 2015 மே மாதம் ஆறு அந்தச் சாலையை அரித்துக்கொண்டு போனது.

அதற்கான வேலையைக் குளிர்காலமே தொடங்கி வைத்திருந்தது. ஆழமில்லாத இடங்களில் ஆறு அடிவரை உறைந்துவிடும். பின்னால் வரும் நீருக்கு வழி இல்லை. பனிக்கட்டியைப் பிளந்து மேலே வழியும், அங்கேயே உறையும். இப்படி அடுக்கடுக்காக ஏறி ஆற்றின் தடமே அடைபட்டுப்போகும். கோடையை ஒட்டி உருகிவரும் நீர் எந்தப் பக்கம் திரும்பும்? அந்தச் சமவெளியில் அரை மீட்டர் மேடு போதும், அதைத் தீர்மானிக்க.

அந்த அரை மீட்டரைப் பிடிக்கத்தான் லைடார், அதாவது லேசரால் நிலத்தின் உயரத்தை அளக்கும் முறை. விமானம் நொடிக்கு லட்சக்கணக்கான லேசர் துடிப்புகளைத் தரைக்கு அனுப்பி, ஒவ்வொன்றும் திரும்பிவரும் நேரத்தை அளக்கிறது. நேரத்தில் ஒரு நானோ நொடி பிசகினால் தூரத்தில் 15 செ.மீ. பிழை. விமானத்தின் சாய்வையும் விடாமல் பதிவுசெய்ய வேண்டும்: 1,000 மீட்டர் உயரத்தில் 0.01 பாகை தவறு, தரையில் புள்ளியை 17 செ.மீ. நகர்த்திவிடும். விமானம் எங்கே இருக்கிறது என்பதைச் சொல்லும் ஜிபிஎஸ்ஸுக்கும் இங்கே ஒரு சங்கடம். அதன் செயற்கைக்கோள்கள் வடக்கே 55 பாகை அட்சரேகைக்கு மேல் போவதில்லை. ஆறோ 70-ஐ நெருங்குகிறது. எந்தச் செயற்கைக்கோளும் உச்சிக்கு வராததால், உயரக் கணக்குதான் அதிகம் அடிபடும். பிற நாடுகளின் செயற்கைக்கோள்களும் தரையில் வைக்கும் நிலையங்களும் இதை ஓரளவு ஈடுகட்டுகின்றன.

சரி, இந்தப் புள்ளிகளிலிருந்து நிலத்தின் உயர வரைபடம் கிடைத்துவிட்டது. என் கணிப்பில், முதல் வரைபடத்தைவிட இரண்டாவதுதான் மதிப்பு மிக்கது. குளிர்கால உயரத்திலிருந்து கோடை உயரத்தைக் கழித்தால் பனி எவ்வளவு தேங்கியது என்று தெரியும். இரண்டு கோடைகளை ஒப்பிட்டால் ஆறு கரையை எங்கே தின்கிறது, புதைந்த குழாயை எவ்வளவு நெருங்கியிருக்கிறது என்பது தெரியும்.

தண்ணீருக்கடியில் இருப்பது வேறு கதை. வழக்கமான அகச்சிவப்பு லேசரை நீர் விழுங்கிவிடும். பச்சை லேசர் உள்ளே இறங்கும், நீர் தெளிவாக இருந்தால். வெள்ளக் காலத்தில் ஆறு வண்டல் கலங்கி ஓடும். அப்போது ஆற்றுப் படுகையை அளக்கப் படகும், ஒலியால் ஆழம் அளக்கும் சோனாரும்தான்.