காற்றிலிருந்து தண்ணீர் குடிக்கும் உண்ணி

"தினமும் இரண்டு வேளை பெருக்கித் துடைக்கிறேன். ஒட்டடை சேர விடுவதில்லை. ஆனாலும் என் மகள் காலையில் கண் விழித்ததும் அடுக்கடுக்காகப் பத்துப் பதினைந்து தும்மல் போடுகிறாள். பள்ளிக்கூடம் போனால் சரியாகிவிடுகிறது. வீட்டில் அப்படி என்னதான் இருக்கிறது?" என்று சென்னையிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்.

பாதிப் பதில் கேள்வியிலேயே இருக்கிறது. அவர் தினமும் துடைப்பது தரையை. மகள் இரவெல்லாம் முகம் புதைத்துத் தூங்குவது தலையணையில்.

நம் தோலிலிருந்து செதில்கள் உதிர்ந்துகொண்டே இருக்கின்றன. மெத்தையிலும் தலையணையிலும் சேரும் அந்தச் செதில்களைத் தின்று வாழ்வதுதான் தூசு உண்ணி. டாக்டர்கள் 'டஸ்ட் மைட்' என்பார்கள். சிலந்திக்கு உறவு, எட்டுக் கால், நீளம் கால் மில்லிமீட்டர் அளவு. கடிக்காது. வீட்டுத் தூசு அலர்ஜிக்குப் பின்னால் இது இருப்பதை 1964-ல் நெதர்லாந்தின் லைடன் நகரத்து ஆய்வாளர்கள் சொன்னார்கள். 1981-ல் இன்னொன்றும் தெரிந்தது: தொல்லையின் பெரும் பங்கு அதன் எச்சத்தில் இருக்கிறது. ஓர் உண்ணி நாளுக்குச் சுமார் 20 உருண்டை போடும். அதில் கலந்திருக்கும் செரிமான நொதி மூக்கின் ஈரத்தில் கரைகிறது. அதை எதிரி என்று எண்ணும் உடம்பு, ஐஜிஇ என்ற எதிர்ப்புப் புரதத்தின் வழியாக ஹிஸ்டமின் என்ற ரசாயனத்தைக் கிளப்பிவிடுகிறது. அப்புறம் தும்மல்தான்.

எனக்குத் தீராத வியப்பு வேறொன்றில். உண்ணியின் உடம்பில் முக்கால் பங்கு தண்ணீர். மெத்தைக்குள்ளோ ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. அப்படியானால் எதைக் குடிக்கிறது?

ஐப்பசி அடைமழையில் அடுப்படி உப்பு ஜாடியைத் திறந்து பாருங்கள். யாரும் தண்ணீர் ஊற்றியிருக்க மாட்டார்கள், ஆனால் கல்லுப்பு கசிந்து அடியில் நீர் நின்றிருக்கும். காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் சாப்பாட்டு உப்பு காற்றிலுள்ள நீராவியை இழுத்துத் தானே கரைந்துவிடும். அதோடு பொட்டாசியம் குளோரைடு என்ற இன்னொரு உப்பைக் கலந்தால் இன்னும் சற்றுக் குறைந்த ஈரத்திலேயே, 72 சதவீதம் வாக்கில், கரையத் தொடங்கும். உண்ணி வைத்திருப்பது அந்த உப்பு ஜாடியைத்தான். முன்னங்கால்கள் உடலோடு சேரும் இடத்தில், பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு சுரப்பிகள். அவற்றிலிருந்து இந்த இரண்டு உப்பும் கலந்த கரைசல் கசிந்து, மெல்லிய வாய்க்கால் வழியாக வாய்ப்பக்கம் ஓடுகிறது. ஓடும் வழியில் காற்றின் ஈரத்தை உறிஞ்சிக் கொழுக்கிறது. வாய்க்கு வந்ததும் உண்ணி அதை விழுங்கிவிடுகிறது. தன் உப்பைத் தானே வெளியே அனுப்பி, தண்ணீரோடு திரும்ப வாங்கிக்கொள்கிறது!

காற்று காய்ந்தால்? கரைசல் வற்றி உப்பு படிகமாகிறது. அந்தப் படிகமே சுரப்பியின் வாயை அடைத்து, உள்ளே மிச்சமிருக்கும் நீர் வெளியேறாமல் காக்கிறது. ஈரம் திரும்பியதும் அடைப்பு தானே கரைகிறது. குடிக்கும் கருவியும் மூடும் கதவும் ஒரே உப்பு. நாளில் சில மணி நேரம் ஈரக் காற்று கிடைத்தாலே அது சமாளித்துவிடும். படுக்கையில் நம் வியர்வையும் மூச்சும் அதை ராத்திரிதோறும் கொடுக்கின்றன. ஈரப்பதம் தொடர்ந்து 50 சதவீதத்துக்குக் கீழே இருந்தால்தான் உண்ணி வற்றிச் சாகிறது.

சென்னைக் காற்றில் 50 சதவீதமா? ஏசி ஓடும் அறையிலேயே கஷ்டம். ஈரப்பதத்தை 50-க்குக் கீழே வையுங்கள் என்ற அறிவுரை குளிர்காலத்தில் ஹீட்டர் போட்டுக் காற்றைக் காயவைக்கும் நாடுகளிலிருந்து வந்தது. கடற்கரை ஊர்களின் வீடுகளுக்கு எது பலிக்கும் என்பதை இங்கேயே நீண்ட காலம் சோதிக்க அரசு பணம் ஒதுக்க வேண்டும் என்பது என் ஆதங்கம். தும்மல்தானே என்று விட்டுவிடுகிறோம். பல குழந்தைகளுக்கு அதன் அடுத்த படி ஆஸ்துமா.

சரி, வாசகி என்ன செய்யலாம்? தலையணை உறை, போர்வை, விரிப்பை வாரம் ஒருமுறை 55 டிகிரிக்குக் குறையாத வெந்நீரில் துவைக்க வேண்டும். கை வைக்க முடியாத சூடு அது. பச்சைத் தண்ணீரில் துவைத்தால் எச்சத்தின் நொதி பெரும்பாலும் கரைந்து போய்விடும், ஆனால் உண்ணி துணி இழையைப் பிடித்துக்கொண்டு பிழைத்துவிடும். மெத்தைக்கு நெருக்கமான நெசவுள்ள உறை போடலாம். ஆனால் உறையை மட்டும் நம்ப வேண்டாம். 2003-ல் வெளியான பிரிட்டன் ஆய்வில், ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆஸ்துமாக்காரர்களுக்கு உறை மட்டும் கொடுத்துப் பார்த்ததில் பலன் இல்லை. அடுத்த ஆண்டு அமெரிக்காவில் 937 குழந்தைகளின் வீடுகளில் உறை, சுத்தம், கரப்பான் ஒழிப்பு என்று பலவற்றையும் சேர்த்துச் செய்தபோது மூச்சிரைப்பு நாட்கள் குறைந்தன.

காற்றுச் சுத்திகரிப்பானுக்குப் பணத்தைக் கொட்டும் முன் ஒன்று: எச்ச உருண்டை கனமானது, அரை மணி நேரத்துக்குள் கீழே படிந்துவிடும். மணிக்கணக்கில் மிதப்பது பூனை அலர்ஜித் துகள். உண்ணி எச்சம் கிளம்புவது நாம் விரிப்பை உதறும்போதும் உலர்ந்த துடைப்பத்தால் பெருக்கும்போதும்தான். விளக்கு வைத்த பிறகு பெருக்கினால் லட்சுமி போய்விடுவாள் என்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் பெண் படுக்கப் போகும் நேரத்தில் அவள் அறையைப் பெருக்க வேண்டாம் என்றுதான் நானும் சொல்வேன். காலையில் ஈரத்துணியால் துடையுங்கள்.

அப்புறம், மொட்டை மாடி. சுட்டெரிக்கும் வெயிலில் ஒரு பகல் காய்ந்த கம்பளத்தில் உயிருள்ள உண்ணி ஒன்றுகூட மிஞ்சவில்லை என்று 1994-ல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் கண்டார்கள். பஞ்சு மெத்தையைச் சுடுதரையில் போட்டு இரண்டு பக்கமும் காயவைத்த நம் பாட்டிமார் உண்ணியின் உப்பை வற்றவைத்திருக்கிறார்கள். ஆனால் செத்த உண்ணியும் எச்சமும் மெத்தையிலேயே கிடக்கும். அதைத் தட்டி வெளியேற்ற வேண்டும், மாடியிலேயே. அந்த வேலையை மட்டும் மகளிடம் கொடுத்துவிடாதீர்கள்.