பலகைக்கு முன்னால் மண்வெட்டி

தென்னாப்பிரிக்காவின் குவாசூலு-நேட்டால் மாகாண வடகரையில் நவம்பர் தொடங்கி மார்ச் வரை நீளும் மழைக்காலத்தில், ஸ்டாங்கர், டொங்காட் பக்கத்துக் கரும்புத் தோட்டப் பாதைகளில் புதைந்த வண்டிகளை வெளியே எடுப்பதே என் வேலையில் பெரும்பகுதி. இப்போதெல்லாம் நான் போய்ச் சேரும்போது, வண்டியருகே பிடிமானப் பலகைகளும், அதாவது புதைந்த டயர் பற்றி ஏற அதனடியில் வைக்கும் பற்களுள்ள நைலான் பலகைகளும், கிடக்கின்றன. நல்ல விலை கொடுத்து வாங்கிய அவற்றின் பற்கள் உருகி மழுங்கியிருக்கின்றன. தோண்டாமலே பலகையை வைத்துவிடுகிறார்கள் என்பதுதான் பெரும்பாலும் காரணம்.

புதைந்த வண்டியின் அடிப்பாகமும் ஆக்சிலும் சேற்றின்மேல் உட்கார்ந்துவிட்டால், வண்டியின் எடை சக்கரத்தில் இறங்காது. எடை இறங்காத சக்கரம் எந்தப் பலகையையும் பற்றாமல் வெறுமனே சுழலும், அந்த உராய்வுச் சூட்டில் நைலான் பற்கள் உருகும். ஆகவே முதலில் வண்டியடியில் தேங்கிய மண்ணை வாருங்கள், பிறகு சக்கரத்துக்கு முன்னால் சரிவாக வெட்டுங்கள், அதன் பிறகே பலகையின் நுனியைப் பற்கள் மேல்நோக்கியிருக்க டயருக்கடியில் இறுகச் செருகுங்கள். வந்த தடம் ஏற்கெனவே அழுந்தி இறுகியிருக்கும் என்பதால், பின்னோக்கி எடுப்பதே பல நேரங்களில் எளிது. அப்போது தோண்டுவதும் பலகை வைப்பதும் சக்கரத்துக்குப் பின்னால்.

தைப்பூசக் காவடி முடிந்து குறுக்குவழியில் திரும்பிய ஒரு குடும்பத்தின் பக்கி (பிக்கப்) வண்டி எனக்கு அடிக்கடி நினைவுக்கு வருகிறது. பின்சக்கரங்களால் ஓடும் அந்த வண்டிக்கு அவர்கள் முதலில் முன்சக்கரங்களில் பலகை வைத்தார்கள். பிறகு பின்சக்கரத்துக்கு மாற்றி, பெரியவர் ஆக்சிலரேட்டரை அழுத்த, மகன் பின்னால் நின்று தள்ளினான். சுழன்ற டயர் பலகையை உதறியெறிய, அது அவன் முழங்காலுக்குக் கீழே அடித்தது. எலும்பு முறியாததை இன்றும் பெரும் நிம்மதியாக எண்ணுகிறேன். பலகை வைத்த வண்டிக்கு நேர் முன்னாலோ பின்னாலோ ஒருவரும் நிற்கக் கூடாது. ‘ஒரு தள்ளுதான் ஐயா’ என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

புகைக்குழாய் சேற்றில் மூழ்கியிருந்தால், அதைத் தோண்டி விடுவிக்காமல் எஞ்சினை ஓடவிடாதீர்கள். உள்ளே கசியும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை; மழைக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக் குழந்தைகள் உள்ளே காத்திருப்பார்கள்.

டயரில் காற்றை ஓரளவு குறைத்து, ஸ்டியரிங்கை நேராக வைத்து, வண்டியில் இருந்தால் லோ ரேஞ்ச் என்ற மெதுவேகக் கியரில், மெதுவாக நகர்த்துங்கள். சக்கரம் சுழலத் தொடங்கினால் உடனே நிறுத்தி மறுபடி தோண்டுங்கள். பலகைகள் கையில் இல்லையென்றால், கரும்புச் சோகையைக் கனமாக விரிப்பதும் ஓரளவு உதவும், ஆனால் சூடான புகைக்குழாயருகே காய்ந்த சோகை தீப்பிடிக்கும் என்பதால் ஈரமானதையே எடுங்கள்.

வண்டி ஏறிவிட்டால் கெட்டித் தரை வரும்வரை நிறுத்தாதீர்கள். பலகைகள் சேற்றுக்குள் அமிழ்ந்திருக்கும். முன்கூட்டியே நிறமான கயிறு கட்டியிருந்தால் தேடியெடுப்பது எளிது. டயரில் காற்றை மீண்டும் நிரப்பிய பிறகே N2 நெடுஞ்சாலையில் ஏறுங்கள். காற்றுக் குறைந்த டயர் அந்த வேகத்தில் சூடேறி வெடிக்கக்கூடும்.