தன்னுடல் நோக்கு: 'உடல் பிம்பம்' ஏன் பொருந்தாது

என் தங்கை மகள் நாகர்கோவிலில் மருத்துவ உளவியல் படிக்கிறாள். உண்ணும் பழக்கத்துக்கும் தன் உடலைப் பற்றி ஒருவர் கொண்டிருக்கும் எண்ணத்துக்கும் உள்ள தொடர்பை ஆராயும் மாணவர் குழுவில் அவளும் ஒருத்தி. சென்ற மாதம் தோழிகள் இருவருடன் வந்து, வினாத்தாள் ஒன்றின் தமிழாக்கத்தை நீட்டினாள். "எழுத்துப் பிழை மட்டும் பார்த்துத் தாருங்கள், மாமா" என்றாள். முதல் பக்கத்திலேயே ஐந்து இடங்களில் 'உடல் பிம்பம்'. தன் உடலைப் பற்றி ஒருவர் மனத்தில் கொண்டிருக்கும் எண்ணத்தை ஆங்கிலத்தில் 'பாடி இமேஜ்' என்பார்கள், அதன் நேர்பெயர்ப்பு இது. நாளிதழ் இணைப்பிலும் மேடையிலும் கேட்டுக் கேட்டுச் சலித்த சொல்.

திருவட்டாறில் ஓர் அம்மாளிடம், "உங்கள் உடல் பிம்பம் உங்களுக்கு நிறைவு தருகிறதா?" என்று கேட்டிருக்கிறார்கள். "பிம்பமா? கோயிலில் இருப்பதையா கேட்கிறீர்கள்?" என்றாராம் அவர். மாணவிகள் 'வினா புரியவில்லை' என்று குறித்துவிட்டு அடுத்த வினாவுக்குப் போயிருக்கிறார்கள். அந்த அம்மாளுக்குத் தமிழ் நன்றாகவே புரிந்திருக்கிறது. கருவறையில் இருக்கும் திருவுருவத்தைப் பிம்பம் என்று சொல்லும் மண் இது. பிழை வினாவில் இருக்கிறது.

ஆங்கிலத்தில் 'பாடி இமேஜ்' என்பதை உளவியலில் நிலைநிறுத்தியவர் வியன்னாவில் பிறந்த மனநல மருத்துவர் பால் ஷில்டர். 1935இல் அவர் எழுதிய நூலில், நம் உடலைப் பற்றி நம் மனத்தில் நாம் உருவாக்கிக்கொள்ளும் படம் என்று அதை விளக்கினார். உடல் பெருத்துவிடும் என்ற அச்சத்தில் உண்ண மறுக்கும் பசியின்மை நோயில் ('அனோரெக்சியா நெர்வோசா') உடல் மெலிந்த பிறகும் தன்னைப் பருமனாகவே காணும் பிறழ்வு இருப்பதை 1962இல் மனநல மருத்துவர் ஹில்டே புரூக் எடுத்துக்காட்டினார். 'இமேஜ்' லத்தீன் 'இமாகோ'விலிருந்து வந்தது. உருவம், சிலை, சாயல் என்று அதற்குப் பொருள். வரலாறு இவ்வளவு போதும்.

சிக்கல் பிம்பத்தில் இருக்கிறது. வடமொழியில் பிம்பம் என்பது ஞாயிறு, திங்கள் ஆகியவற்றின் வட்டம். எதிரே நிற்கும் மூலப்பொருள். கண்ணாடியிலோ நீரிலோ விழும் சாயலுக்குப் பெயர் பிரதிபிம்பம். ஆகவே 'உடல் பிம்பம்' என்றால் கிடைப்பது உடலேதான், உடலைப் பற்றிய எண்ணம் அன்று. தமிழில் பிம்பம் சாயலையும் குறிக்கத் தொடங்கிவிட்டது, அதை மறுக்கவில்லை. அப்படியே கொண்டாலும் கதை கெடுகிறது. எலும்பும் தோலுமான பெண் கண்ணாடி முன் நின்று "தடித்துவிட்டேன்" என்று அழுகிறாள். கண்ணாடியில் விழுந்த சாயல் சரியாகவே இருக்கிறது. அவள் அதைக் காணும் விதம் பிறழ்ந்திருக்கிறது. பிறழ்ந்ததைச் சொல்லவேண்டிய இடத்தில் பிறழாததன் பெயரை வைக்கிறோம்.

இன்னொன்று. செய்தித்தாள் தமிழில் பிம்பம் வேறு வேலைக்குப் போய்விட்டது. 'தலைவரின் பிம்பம்', 'பிம்பத்தைக் கட்டமைக்கிறார்கள்' என்று தினமும் படிக்கிறோம். ஊருக்குக் காட்டும் தோற்றம், பெரும்பாலும் பொய்த்தோற்றம் என்பது அங்கே பொருள். உளவியல் சொல்லவருவது இதற்கு நேரெதிர்: பிறருக்குக் காட்டாமல், சிலவேளை தாயிடமும் சொல்லாமல், உள்ளே வைத்துப் புழுங்குவது. ஆங்கிலக் காதுக்கு 'இமேஜ்' பக்கத்திலேயே மனத்தில் கற்பனை செய்வதைக் குறிக்கும் 'இமாஜின்' இருக்கிறது. கேட்டதும் மனம் நோக்கிப் போக அங்கே ஒரு வழி உண்டு. பிம்பத்திலிருந்து மனத்துக்கு அப்படி ஒரு வழி தமிழில் கிடையாது.

தனித்தமிழ் அன்பர்கள் 'உடற்படிமம்' என்கிறார்கள். படிமம் பிரதிமை என்ற வடசொல்லின் பிராகிருத வடிவத்தோடு உறவுடையது. அதுவும் சிலையைக் குறிப்பதே. பிம்பத்தை இறக்கிவிட்டுப் படிமத்தை ஏற்றினால் கோயிலைவிட்டு வெளியே வந்தபாடில்லை. தூய்மை எனக்கும் வேண்டும். ஆனால் தெளிவு இல்லாத தூய்மையால் திருவட்டாறு அம்மாளுக்கு என்ன பயன்? 'உடல் தோற்றம்' என்பதோ பிறர் கண்ணுக்குத் தெரிவது. அதை அளக்க உளவியல் வேண்டாம், அளவுநாடா போதும்.

நான் வைக்கும் சொல் தன்னுடல் நோக்கு. 'தன்' இல்லாமல் இந்தக் கருத்தே இல்லை. பிம்பக்காரர்கள் விட்டுவிட்ட முதல் பகுதி அது. 'நோக்கு' கண் பார்ப்பதையும் குறிக்கும், மனம் மதிப்பதையும் குறிக்கும். உளவியலார் இந்தத் தலைப்பின்கீழ் அளப்பதும் இவற்றைத்தான்: உடலின் அளவை எப்படிக் காண்கிறார், அதைப் பற்றி என்ன நினைக்கிறார், எப்படி உணர்கிறார். சாமிதோப்பில் அய்யா வைகுண்டரின் பள்ளியறையில் கண்ணாடி இருக்கிறது. அதன் முன் நிற்பவர் தன்னைப் பார்க்கிறார். தனக்குள் இறையைக் காண்கிறார். வீட்டுக் கண்ணாடியில் தெரிந்த அதே முகம், அதே சாயல். மாறியது நோக்கு. நம் மாவட்டத்தில் இதை விளக்க வேறு சான்று தேடவேண்டாம்.

நோக்கு என்றால் நோக்கம் என்று மயங்குவார்களே என்று ஒரு மாணவி கேட்டாள். தொலைநோக்கு என்னும்போது யாரும் மயங்குவதில்லை. கிளைச்சொற்களும் தடையின்றி வருகின்றன: தன்னுடல் நோக்குப் பிறழ்வு, தன்னுடல் நிறைவின்மை. 'எதிர்மறை உடல் பிம்பம்' என்று எழுதினால் பழைய புகைப்படச் சுருள்தான் நினைவுக்கு வருகிறது.

இத்தனைக்கும் அந்தத் தமிழாக்கம் 'சரிபார்க்கப்பட்டது' என்றார்கள். எப்படி? ஒருவர் தமிழாக்குகிறார், மூலத்தைப் பார்க்காத இன்னொருவர் அதை மீண்டும் ஆங்கிலமாக்குகிறார், இரண்டு ஆங்கிலமும் ஒத்திருந்தால் தேர்ச்சி. நல்ல முறைதான், ஆனால் சொல்லுக்குச் சொல் பெயர்த்ததை அது பிடிப்பதில்லை. பிம்பம் நேராக 'இமேஜ்' ஆகித் திரும்பிவிடும். திரும்பிவந்த ஆங்கிலம் அழகாக இருக்கிறது என்பதால் போன தமிழ் புரிந்தது என்று எப்படிச் சொல்வது? மொழிபெயர்த்தவர்கள் இருவரும் ஆங்கிலம் அறிந்தவர்கள், விடையளிப்பவர் அறியாதவர். வினாவைப் படித்துக் காட்டி, "இதற்கு என்ன பொருள் கொண்டீர்கள்?" என்று பத்துப் பேரிடமாவது கேட்டிருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும்.

அதே தாளில் 'உணவுக் கோளாறு' என்றும் இருந்தது. குளச்சலில் அதைச் சொன்னால் மீன்குழம்பு கெட்டுவிட்டது என்றுதான் நினைப்பார்கள். கோளாறு உணவில் இல்லை, உண்பதில் இருக்கிறது. உண்ணல் பிறழ்வு என்று எழுதச் சொன்னேன். அப்பிறழ்வுகளில் ஒன்று, அளவின்றி உண்டுவிட்டு அதை வெளியேற்ற முயலும் 'புலிமியா'. அந்தச் சொல்லைப் பிரித்தால் கிரேக்கத்தில் எருதுப்பசி. மணிமேகலையில் காயசண்டிகை பன்னிரண்டு ஆண்டுகள் பட்ட தீராப்பசிக்குப் பெயர் யானைத்தீ. உண்டதை வாந்தியெடுத்து வெளியேற்றுவதும் இன்றைய நோயில் உண்டு என்பதால் அந்தப் பெயரை அப்படியே ஒட்டமுடியாது. ஆனால் பசிக்கு இப்படிப் பெயரிடத் தெரிந்த மொழியில் 'உணவுக் கோளாறு' என்று எழுதக் கை கூசவேண்டும்.

வினாத்தாளில் கலைச்சொல்லே வேண்டாம் என்று முடிவாயிற்று. "கண்ணாடியில் உங்கள் உடலைப் பார்க்கும்போது உங்கள் மனத்தில் என்ன தோன்றுகிறது?" என்று கேட்கப்போகிறார்கள். தன்னுடல் நோக்கு ஆய்வேட்டில் மட்டும் வரும். வழிகாட்டும் பேராசிரியர் இன்னும் ஒப்பவில்லையாம்; வழக்கத்தில் உள்ளதை மாற்றக்கூடாது என்கிறாராம். அடுத்த வாரம் நானே போய்ப் பேசுகிறேன் என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன்.