மலை வேட்டைக்கு நாள் குறிப்பவர்களுக்கு ஒரு மருத்துவரின் குறிப்பு

அமெரிக்காவின் கொலராடோ மாநில மலைப்பகுதியில் உள்ள சிற்றூர் மருத்துவமனை ஒன்றில் அவசர சிகிச்சைப் பிரிவில் பணியாற்றுகிறேன். செப்டம்பர் முதல் நவம்பர் வரை எங்களிடம் வேட்டைக்காரர்கள் வந்துகொண்டே இருப்பார்கள். அவர்களில் குண்டடிபட்டு வருபவர்கள் அரிது. மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, குளிரில் உடல் விறைத்தல், கூடாரத்துக்குள் அடுப்பை எரியவிட்டதால் ஏறிய கார்பன் மோனாக்சைடு நச்சு ஆகியவற்றுக்காகவே பலர் வருகிறார்கள். நிதானமாக விசாரித்தால், பயண நாளைக் குறித்த விதத்திலேயே பாதிச் சிக்கல் தொடங்கியிருப்பது தெரியவரும்.

கொலராடோவில் மியூல் மான் (கழுதையைப் போன்ற பெரிய காதுகள் கொண்ட மான்) வேட்டைக்கான உரிமம் குலுக்கல் முறையில்தான் கிடைக்கும். அதற்கு ஏப்ரல் தொடக்கத்திலேயே விண்ணப்பிக்க வேண்டும். அப்போது எல்லோரும் மானின் நாட்காட்டியை மட்டுமே பார்க்கிறார்கள். வில்வேட்டை நடக்கும் செப்டம்பரில், கொம்பை மூடியிருந்த மென்தோலை உரித்துக்கொண்டிருக்கும் ஆண் மான்கள் மரங்கள் வளரும் உயரத்தின் மேல் எல்லைக்கு அருகே, 3,500 மீட்டர் உயரத்திலும் மேயும். அக்டோபரில் அவை அடர்ந்த காட்டுக்குள் ஒதுங்குவதால் கண்ணில் படுவது கடினம். பனி கனத்ததும் கூட்டங்கள் தாழ்வான குளிர்கால மேய்ச்சல் நிலங்களுக்கு இறங்கத் தொடங்கும் (பக்கத்து மாநிலமான வயோமிங்கில் சில மான்கள் 240 கிலோமீட்டர் வரை இடம்பெயர்வது 2014-இல் பதிவாகியுள்ளது). நவம்பர் நடுவில் இணைசேரும் பருவம் வந்துவிட்டால், அதுவரை மறைந்து திரிந்த முதிர்ந்த ஆண் மான் பகலிலேயே திறந்தவெளிக்கு வரும். இவ்வளவும் சரியான கணக்குத்தான். ஆனால் மலையேறப்போகும் மனிதரின் உடல் இந்தக் கணக்கில் எங்கும் இல்லை.

செப்டம்பரைத் தேர்ந்தெடுப்பவர் முதலில் பிராணவாயுவைப் பற்றி யோசிக்க வேண்டும். கடல்மட்டத்தை ஒட்டிய ஊரிலிருந்து வெள்ளிக்கிழமை புறப்பட்டு, சனிக்கிழமை மாலைக்குள் 3,300 மீட்டரில் கூடாரம் அடிப்பவருக்குத் தலைவலியும் குமட்டலும் வருவதில் வியப்பில்லை. அதைவிட ஆபத்தானது நுரையீரலில் நீர் கோத்துக்கொள்வது. அது பெரும்பாலும் இரண்டாம் நாளுக்கும் நான்காம் நாளுக்கும் இடையில், வேட்டை சூடுபிடித்திருக்கும் வேளையில் தலைகாட்டும். படுத்திருக்கும்போதும் மூச்சு வாங்கினால், மானை மறந்துவிட்டு உடனே கீழே இறங்குவதே முதல் சிகிச்சை. ஆகவே சீசன் தொடங்கும் நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். இரண்டு இரவுகள் 2,500 மீட்டர் அளவில் தங்கி, 3,000 மீட்டரைத் தாண்டிய பின் உறங்கும் இடத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் உயர்த்தாமல் செல்ல வேண்டுமென்றால், மூன்று நான்கு நாட்கள் முன்னதாகவே வந்துசேர வேண்டியிருக்கும். உயரத்தால் வரும் நோயைத் தடுக்கும் அசிடசோலமைடு மாத்திரை தேவையா என்பதை உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். ஏறுவதற்கு முந்தைய நாளே அதைத் தொடங்குவது வழக்கம்.

செப்டம்பருக்கு இன்னொரு நிபந்தனையும் உண்டு. பகல் வெயிலில் இறைச்சி விரைவில் கெடும் என்பதால், அதை 4 டிகிரி செல்சியஸுக்குக் கீழே கொண்டுவர வேண்டிய அவசரம் இருக்கிறது. எலும்பு நீக்கிய பிறகும் 30 கிலோ அளவுக்குக் கனக்கும் சுமையை, மூச்சு முட்டும் உயரத்தில், அவசர அவசரமாகச் சுமக்கும்போதுதான் ஐம்பதைக் கடந்தவர்களின் இதயம் முரண்டு பிடிக்கிறது. சுமை இறக்குவதற்கென்றே ஒரு முழு நாளை ஒதுக்கினால் இந்த அவசரம் பெருமளவு குறையும்.

நவம்பரில் இறைச்சிக்குக் கவலையில்லை, மனிதருக்குத்தான் கவலை. மாதத்தின் முதல் ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளிவிடுவதால், மாலை ஐந்து மணியை ஒட்டியே சூரியன் மறைந்துவிடும். அதன் பிறகும் அரை மணி நேரம் சுடச் சட்டம் அனுமதிப்பதால், கடைசி நிமிடம் வரை காத்திருந்துவிட்டு, வியர்வையில் நனைந்த உடையோடு இருட்டில் பனிச்சரிவில் இறங்குகிறார்கள்.

சமவெளியிலிருந்து முதல்முறை வருபவருக்கு, துப்பாக்கி வேட்டைக்கென ஒதுக்கிய பருவங்களில் அக்டோபர் இறுதியில் தொடங்கும் இரண்டாவது ரைஃபிள் சீசனையும் 3,000 மீட்டருக்குக் குறைவான பகுதியையுமே நான் பரிந்துரைப்பேன். மான் கிடைக்கும் வாய்ப்பு சற்றுக் குறையலாம் என்று அனுபவசாலிகள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். இதய நோயோ, இதயக் குழாய் அடைப்புக்குப் பொருத்திய ஸ்டென்ட்டோ உள்ளவர்கள் ஏப்ரலில் விண்ணப்பிக்கும் முன்பே பரிசோதனை செய்துகொண்டால், உடலைப் பழக்க அரையாண்டு கிடைக்கும்.

திரும்பும் விமானத்துக்கும் வேட்டையின் கடைசி நாளுக்கும் இடையே குறைந்தது ஒரு நாள் இடைவெளி விடுங்கள். மறுநாள் காலை அலுவலகம் போயாக வேண்டியவர்தான், பனிப்பொழிவு ஓயும்வரை கூடாரத்தில் பொறுத்திருக்காமல் இரவோடு இரவாக இறங்கப் பார்க்கிறார். எந்த நாள் எத்தனை மணிக்குள் உங்களிடமிருந்து தகவல் வராவிட்டால் அந்தக் கவுன்ட்டியின் (மாவட்டத்தின்) காவல் தலைமையான ஷெரிஃப் அலுவலகத்தை அழைக்க வேண்டும் என்பதை, அந்த இடைவெளியையும் கணக்கில் சேர்த்து, வீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டுப் புறப்படுங்கள்.