சன்னல் ஏன் நான்கு அங்குலம் உள்ளே போனது?

லண்டன் சோஹோவில் மீர்டு தெரு என்று ஒரு சின்னத் தெரு இருக்கிறது. ஜான் மீர்டு என்ற தச்சர் 1720களிலும் 1730களின் தொடக்கத்திலும் கட்டிய வீடுகள் அங்கே இன்னும் தோளோடு தோள் ஒட்டி நிற்கின்றன. தட்டையான செங்கல் முகம், வரிசையாகச் சன்னல்கள், மேலே கூரை இருப்பதே தெரியாது. ஜார்ஜ் மன்னர்கள் காலத்து ரசனை என்று சொல்லிவிடுவார்கள். ரசனையும் உண்டுதான், ஆனால் அதைவிடத் தீ பயம்தான் அதிகம்.

1666 பெருந்தீக்குப் பிறகு லண்டன் நகருக்குள் சுவர் என்றால் செங்கல் அல்லது கல் என்று சட்டம் வந்துவிட்டது. ஆனாலும் இறவாரத்தில், அதாவது சுவரைத் தாண்டி நீளும் கூரை விளிம்பில், மரவேலைப்பாடு இருந்தது, சன்னலின் மரச்சட்டம் சுவர் முகத்தோடு சமமாக நின்றது. ஒரு வீட்டில் தீப்பிடித்தால் நெருப்பு இறவாரம் வழியாகவே அடுத்த வீட்டுக்கு ஓடும். அதனால் 1707-இல் மர இறவாரத்தைத் தடை செய்து, சுவரைக் கூரைக்கு முன்னால் மேலே எழுப்பிக் கைப்பிடிச்சுவராக முடிக்கச் சொன்னார்கள். வெளியே தெரியும் மரச்சட்டத்திலும் தீ எளிதில் தொற்றக் கூடாது என்று 1709-இல் சன்னல் சட்டத்தை 4 அங்குலம் உள்ளே தள்ளச் சொன்னார்கள். எல்லாரும் உடனே கேட்டார்களா என்றால் இல்லை, 1720களின் வீடுகளிலும் பழைய மாதிரிச் சன்னல்கள் உண்டு.

கைப்பிடிச்சுவர் தீயைத் தடுத்தது, சரி. மழைநீர்? முன்பு தெருவில் சொட்டிய தண்ணீர் இப்போது சுவருக்குப் பின்னால் ஈயத்தகடு பதித்த கால்வாயில் தேங்கியது. இலை அடைத்தால் நேராக உத்தரத்தின் நுனிக்குத்தான் இறங்கும், மரம் உளுத்துப்போகும்.

அப்புறம் காசு விஷயம். நிலம் பிரபுக்களுடையது, கட்டுபவர் கொத்தனாரோ தச்சரோ. குத்தகைக்கு எடுத்துக் கட்டி, கைமாற்றி விடுவார். முதல் ஒன்றிரண்டு வருடத்துக்கு நில வாடகை பெயருக்கு ஒரு மிளகு! உண்மையாகவே பத்திரத்தில் அப்படித்தான் எழுதினார்கள். அதற்குள் சுவரும் கூரையும் எழும்பி ஆள் பிடித்தாக வேண்டும், இல்லாவிட்டால் முழு வாடகை தலையில் விழும். குத்தகை முடிந்தால் வீடே நிலக்காரருக்குப் போய்விடும் என்னும்போது யார் பார்த்துப் பார்த்துக் கட்டுவார்கள்?

அந்த அவசரத்தைச் செங்கல்லிலேயே பார்க்கலாம். முகப்பில் ஒரு கல்லின் நீளப்பக்கம், அடுத்ததன் குட்டைப்பக்கம் என்று மாறி மாறி வரும். குட்டைப்பக்கம் காட்டும் கல் சுவருக்குள் முழுநீளம் போய்ப் பின்வரிசையைக் கவ்விப் பிடிப்பதுதான் முறை. ஆனால் முகப்புக்கு விலை கூடிய கல், மெல்லிய காரை இடைவெளி. பின்னால் அரைவேக்காட்டு மலிவுக் கல், தடித்த காரை. இரண்டின் வரிசையும் ஒரே மட்டத்துக்கு வராது. அதனால் நல்ல கல்லைப் பாதியாக உடைத்து முகத்தில் மட்டும் பதித்துவிட்டு, மட்டம் ஒத்துவரும் இடத்தில் மட்டும் ஒரு முழுக்கல்லை உள்ளே விட்டார்கள். ஆக, கெட்டியான ஒன்பது அங்குலச் சுவர் மாதிரித் தெரிவது பல இடங்களில் லேசாக ஒட்டிக்கொண்டிருக்கும் இரண்டு தோல்கள்தான். போதாததற்கு, சுவரைப் பிணைக்க உள்ளே படுக்கவைத்த மரத்துண்டுகளும் காலப்போக்கில் உளுத்தன. பக்கத்து வீட்டோடு சேர்ந்த பொதுச்சுவரோடும் முகப்பைச் சரியாகக் கோக்கவில்லை.

பிறகு எப்படி முந்நூறு வருடம் நிற்கிறது? உள்ளே முன்னறைக்கும் பின்னறைக்கும் நடுவில் இருக்கும் மரத்தடுப்பு மாடிகளின் பாரத்தில் பெரும்பங்கைத் தாங்குகிறது, இரு பக்கமும் அண்டை வீடுகள் முட்டுக் கொடுக்கின்றன. சுண்ணாம்புக் காரை சிமெண்ட் மாதிரி விறைப்பானதல்ல, வீடு கொஞ்சம் அசைந்தாலும் சேர்ந்து அசைந்து கொடுக்கும். தரை ஒரு பக்கம் சாய்ந்திருக்கும், கதவு கோணலாயிருக்கும், ஆனால் விழாது.

இப்படிப்பட்ட தெருக்களில் அண்ணாந்து பார்த்தால் சில சுவர்களில் எக்ஸ் அல்லது எஸ் வடிவ இரும்புத் தகடு தெரியும். அது அலங்காரம் அல்ல. வெளியே பிதுங்கத் தொடங்கிய முகப்பை ஒரு நீளக் கம்பி வீட்டுக்குள்ளிருந்து இழுத்துப் பிடித்திருக்கிறது, அதன் வெளிநுனிதான் அது.