சோவியத் லென்ஸ் வாங்கும் முன் மரையைப் பாருங்கள்

நகரத் தெருக்களைப் படமெடுப்பதற்காகப் பழைய சோவியத் லென்ஸ் ஒன்றை வாங்கிக்கொண்டு ஆலோசனைக்கு வருபவர்களில் பெரும்பாலோர் கையில் இருப்பது ஹீலியோஸ் 44-2. ஜெர்மனியின் பயோட்டார் வடிவமைப்பைத் தழுவிய இந்த 58 மி.மீ. லென்ஸ், பின்னணி இலைகளைச் சுழல்போல் காட்டுவதற்காகவே பெயர் பெற்றது. ஒருவரை நிற்கவைத்து எடுக்கும் படத்துக்கு அது அழகு. தெருவுக்கு நான் 37 மி.மீ. மிர்-1 லென்ஸையே எடுத்துச்செல்வேன். அப்பர்ச்சரை, அதாவது ஒளி நுழையும் துளையை, எஃப் 8 அளவில் வைத்து ஃபோகஸ் வளையத்தை 6 மீட்டரில் நிறுத்திவிட்டால், ஃபுல் ஃபிரேம் (35 மி.மீ. ஃபிலிம் சட்டத்தின் அளவுள்ள சென்சார்) கேமராவில் சுமார் 3 மீட்டர் முதல் கண்ணுக்கெட்டிய தூரம்வரை போதிய தெளிவு கிடைப்பதால், வளையத்தைத் தொடாமலே நடந்தபடி எடுக்கலாம். அதே எஃப் 8-இல் ஹீலியோஸைக் கொண்டு தொலைதூரமும் தெளிவாக வரவேண்டுமென்றால், தெளிவு 7 மீட்டருக்கு அப்பால்தான் தொடங்கும்.

வாங்கும்போது பலர் ஏமாறுவது, லென்ஸைக் கேமராவில் திருகிப் பொருத்தும் மரையில்தான். ஃபெட், ஸோர்க்கி போன்ற ரேஞ்ச்ஃபைண்டர் கேமராக்களின் (லென்ஸ் வழியாக அல்லாமல் தனிச் சாளரம் வழியாகப் பார்ப்பவை) லென்ஸ்களுக்கும், தொடக்ககால ஸெனித் எஸ்எல்ஆர் கேமராக்களின் (உள்ளிருக்கும் கண்ணாடி மூலம் லென்ஸ் வழியாகவே பார்ப்பவை) லென்ஸ்களுக்கும் ஒரே 39 மி.மீ. மரை; ஆனால் லென்ஸ் பொருந்தும் இடத்திலிருந்து ஃபிலிம்வரை இருக்கவேண்டிய தூரம் முன்னதற்கு 28.8 மி.மீ., பின்னதற்கு ஏறத்தாழ 45 மி.மீ. இது தெரியாமல் நானும் ஒருமுறை ரேஞ்ச்ஃபைண்டருக்கான ஜூபிட்டர்-8 லென்ஸை வாங்கி எஸ்எல்ஆர் கேமராவில் மாட்டினேன். ஒரு சாண் தூரத்துக்கு அப்பால் எதுவுமே தெளிவாக விழவில்லை. (விற்றவரைக் குறைசொல்ல முடியாது, லென்ஸில் பழுதே இல்லை.) உள்ளே கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் டிஜிட்டல் கேமராவில், உரிய அடாப்டர் (இணைப்பு வளையம்) இருந்தால், இருவகையும் பொருந்தும்.

அடுத்து, டார்ச்சைப் பின்புறமிருந்து அடித்து, லென்ஸைச் சற்றே சாய்த்துப் பாருங்கள். சிலந்தி நூல்போலக் கிளைத்துத் தெரிவது பூஞ்சை; பால்போல மங்கித் தெரிவது கண்ணாடிக்குள் படிந்த படலம். உள்ளே மிதக்கும் ஓரிரு தூசிகளுக்காக நல்ல லென்ஸை ஒதுக்கவேண்டியதில்லை. அப்பர்ச்சர் இதழ்களில் எண்ணெய் மினுங்கினால், ஹீலியோஸ் 44-2 போன்று கையால் மூடித் திறப்பவற்றில் பெரிதாகக் கெடுதல் இல்லை. தானாக மூடவேண்டிய பிந்தைய வகைகளிலோ இதழ்கள் ஒட்டிக்கொண்டு தாமதிக்கும், படம் வெளுத்துப்போகும்.

இந்த லென்ஸ்களின் கண்ணாடிமேல் உள்ள பழைய பூச்சு எதிர்வெளிச்சத்தை அவ்வளவாகத் தாங்காது. மாலை வெயில் கட்டடங்களுக்கிடையே நேராக நுழையும்போது படம் முழுவதும் சாம்பல் பூத்துவிடும். அப்போது இடது உள்ளங்கையை லென்ஸுக்கு மேலே, ஃபிரேமுக்குள் வராத அளவில் பிடித்தால், திரையிலேயே கறுப்பு மீண்டும் கறுப்பாவதைக் காணலாம்.